கடைசி உறைபனி எப்போது?

மே மாதத்தின் நடுப்பகுதி. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் பகல் முழுவதும் நல்ல வெயில் அடித்தது. மாலையானதும் காற்று அடங்கிவிட்டது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. இப்படிப்பட்ட மாலையைக் கண்டால் சுற்றுலாப் பயணிகள் மகிழ்வார்கள். காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களோ கலங்குவார்கள். அன்றிரவு உறைபனி ஏற்படக்கூடும் என்று வானொலி எச்சரிக்கிறது. வீட்டிலுள்ள பழைய படுக்கை விரிப்புகள், வாளிகள், அட்டைப்பெட்டிகள் எல்லாம் தோட்டத்துக்கு வந்து சேர்கின்றன. இருட்டுவதற்குள் ஒவ்வொரு தக்காளிக் கன்றையும் மூடியாக வேண்டும். மூடாமல் விட்ட கன்று மறுநாள் காலையில் வெந்த கீரையைப் போலக் கறுத்துத் தொங்கும். இரண்டு மாத உழைப்பு ஒரே இரவில் வீணாகிவிடும்.

மலேசியாவில் இந்தக் கவலை எவருக்கும் இல்லை. குளிர்ச்சியான கேமரன் மலையில்கூட உறைபனி ஏற்படுவதில்லை. ஆண்டின் எந்த மாதத்திலும் அங்கே முட்டைக்கோசும் சாலட் இலையும் விளைகின்றன. தமிழ்நாட்டு உழவர்கள் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சொல்வது மழையை மனத்தில் வைத்துத்தான். வெர்மான்ட்டிலோ எப்போது விதைப்பது என்பதை முடிவு செய்வது மழையன்று, உறைபனி. அங்குள்ளவர்கள் ஒவ்வோர் இளவேனிலிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்: இந்த ஆண்டின் கடைசி உறைபனி எப்போது?

குறுகிய காலம்

வெர்மான்ட் மாநிலம் பேராக் மாநிலத்தைவிடச் சற்றே பெரியது. வடக்கே கனடா நாட்டின் எல்லை. நடுவே பசுமை மலைகள் எனப்படும் மலைத்தொடர். மேற்கே சாம்ப்லேன் ஏரி. அந்த ஏரிக்கரையில் உள்ள பர்லிங்டன் நகரத்தில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 6 முதல் 7 டிகிரி செல்சியஸ். மாதக்கணக்கில் நிலம் பனிக்கு அடியில் கிடக்கும்.

இளவேனிலில் வரும் கடைசி உறைபனிக்கும் இலையுதிர்காலத்தில் வரும் முதல் உறைபனிக்கும் இடைப்பட்ட நாள்களே அங்குப் பயிர் வளரும் காலம். ஏரிக்கரையில் அது ஏறக்குறைய ஐந்து மாதம். ஏரி நீர் வெப்பத்தைத் தேக்கி வைத்து மெல்ல வெளிவிடுவதால் அந்தப் பகுதிக்கு இந்தச் சலுகை கிடைக்கிறது. மலைப்பள்ளத்தாக்குகளில் மே மாத இறுதி வரையிலும் உறைபனி வரும். செப்டம்பர் நடுவில் மீண்டும் தொடங்கிவிடும். அங்கே நான்கு மாதத்துக்கும் குறைவான காலமே கிடைக்கும்.

நட்ட தக்காளிக் கன்று பழம் தர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். பூசணி முற்றுவதற்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். ஆகவே, ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. முந்தி நட்டால் கன்று சாகும். பிந்தி நட்டால் காய் பழுக்காது.

வானிலை நிலையங்கள் பல ஆண்டுக் குறிப்புகளைக் கொண்டு ஒவ்வோர் ஊருக்கும் கடைசி உறைபனியின் சராசரி நாளைக் கணக்கிடுகின்றன. ஆனால், சராசரி என்ற சொல்லைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஊரின் சராசரி நாள் மே 12 என்றால், அந்த நாளுக்குப் பிறகு உறைபனியே வராது என்று பொருளன்று. ஏறக்குறையப் பாதி ஆண்டுகளில் அந்த நாளுக்குப் பிறகும் உறைபனி வந்திருக்கிறது என்பதுதான் பொருள். அந்த நாளை நம்பித் தோட்டம் முழுவதும் தக்காளி நடுபவர், நாணயத்தைச் சுண்டிவிட்டு விடைக்குக் காத்திருப்பவரைப் போன்றவர்.

உறைபனி உருவாகும் விதம்

பனி மேகத்திலிருந்து விழுகிறது. உறைபனி விழுவதில்லை, இருக்கும் இடத்திலேயே உருவாகிறது. பகலில் வெயிலால் சூடேறிய நிலம் இரவில் அந்த வெப்பத்தை வானை நோக்கி வெளிவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வையைப் போல் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இந்த இரண்டு உதவியும் கிடைப்பதில்லை. நிலமும் அதன் மேலுள்ள இலைகளும் விரைவாகக் குளிர்ந்துவிடுகின்றன. இலையின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கும்போது, காற்றில் உள்ள நீராவி அதன் மீது வெண்ணிறப் பனிப்படிகமாக உறைகிறது. தலை உயரத்தில் தொங்கும் வெப்பமானி 2 டிகிரி, 3 டிகிரி என்று காட்டும் வேளையிலும் தரையை ஒட்டிய இலை உறைந்துபோகலாம்.

குளிர்ந்த காற்று கனமானது. அது நீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் குன்றின் நடுச்சரிவில் உள்ள தோட்டம் தப்பிக்கும் இரவில், அடிவாரத்துத் தோட்டம் கருகிப்போகலாம். இரண்டுக்கும் இடையே சில நூறு அடி தூரமே இருக்கக்கூடும். நீண்ட நாள் அனுபவம் உள்ளவர்கள் தெற்கு நோக்கிய சரிவைத் தோட்டத்துக்குத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெயிலும் அங்கேதான் அதிகம்.

செடிக்குள் நடப்பது

உறைபனி எல்லாச் செடிகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. தக்காளி, மிளகாய், கத்தரி, வெள்ளரி, பீன்ஸ் ஆகியவை வெப்ப நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவை. அவற்றின் இலைகளில் உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீர் முதலில் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி உயிரணுக்களுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது. உயிரணுக்கள் வறண்டு சுருங்குகின்றன. அவற்றின் சவ்வுகள் சிதைகின்றன. காலையில் பனிக்கட்டி உருகியதும் இலை நிமிர முடியாமல் துவண்டு கறுத்துவிடுகிறது.

பட்டாணி, பசலைக்கீரை, முட்டைக்கோசு, முள்ளங்கி போன்றவை வேறு வகை. குளிர் கூடக்கூட இவற்றுள் பல தம் உயிரணுக்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கின்றன. சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறையாது. அதனால் சுழியத்துக்குக் கீழே சில டிகிரி வரை இவை தாக்குப்பிடிக்கும். உறைபனி கண்ட பசலைக்கீரை முன்னைவிட இனிப்பாக இருப்பதற்கும் இந்தச் சர்க்கரைதான் காரணம்.

இந்த வேறுபாடுதான் இளவேனில் விதைப்பின் அடிப்படை. எந்தப் பயிர் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று தெரிந்தவர், எல்லாவற்றுக்கும் ஒரே நாளைத் தேட மாட்டார். ஒவ்வொரு பயிருக்கும் அதற்குரிய நாளைத் தேடுவார்.

மண்ணைக் கேட்டறிதல்

ஏப்ரல் மாதத்தில் பனி உருகத் தொடங்கும். மேல்மண் இளகினாலும் அடிமண் இன்னும் உறைந்தே இருக்கும். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கும். மண் சாலைகளில் கார்ச் சக்கரங்கள் புதைந்துகொள்ளும். வெர்மான்ட் மக்கள் இதைச் ‘சேற்றுப் பருவம்’ என்று அழைக்கிறார்கள். தங்கள் ஊருக்கு மட்டும் ஐந்தாவதாக ஒரு பருவம் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

நீண்ட குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்திருந்தவர்களுக்கு மண்வெட்டியைக் கையில் எடுக்கும் ஆசை இந்தப் பருவத்தில் மிகும். ஆனால், அப்போது மண்ணைக் கிளறுவது பெருந்தவறு. ஈரமண்ணைக் கொத்தினாலும் மிதித்தாலும் அதிலுள்ள காற்று வெளியேறிவிடும். காய்ந்ததும் அது செங்கல்லைப் போல் இறுகும். அந்தப் பாதிப்பு அந்த ஆண்டு முழுவதும் தொடரும்.

மண் தயாராகிவிட்டதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு அந்த உருண்டையை விரலால் தட்ட வேண்டும். உதிர்ந்தால் மண் தயார். களிமண் உருண்டையாகவே நின்றால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

அடுத்தது மண்ணின் வெப்பம். காலை வேளையில் வெப்பமானியை மண்ணுக்குள் செருகி அதை அளக்கலாம். பசலைக்கீரை 2 டிகிரி வெப்பத்திலேயே முளைக்கும். பட்டாணி, கேரட், முள்ளங்கி ஆகியவற்றுக்குக் குறைந்தது 4 அல்லது 5 டிகிரி வேண்டும். தக்காளி விதைக்கு 10 டிகிரி தேவை. பீன்ஸ், வெள்ளரி, பூசணி ஆகியவை ஏறக்குறைய 16 டிகிரிக்குக் கீழே சரியாக முளைப்பதில்லை.

முளைக்கும் என்பதற்கும் விரைவில் முளைக்கும் என்பதற்கும் வேறுபாடு உண்டு. 5 டிகிரி வெப்பமுள்ள மண்ணில் பட்டாணி முளைவிட ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரமே போதும். நெடுநாள் குளிர்ந்த மண்ணில் கிடக்கும் விதை அழுகிப்போகவும் வாய்ப்புண்டு. ஆகவே, அண்டை வீட்டாரைவிட இரண்டு வாரம் முந்தி விதைத்தவர் இரண்டு வாரம் முந்தி அறுவடை செய்வார் என்று சொல்ல முடியாது. நாள்காட்டியில் கிடைத்த முன்னிலையை மண்ணின் குளிர் பறித்துக்கொள்ளும்.

படிப்படியாக விதைத்தல்

வெர்மான்ட் தோட்டக்காரர்களின் வேலை வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அங்கே ‘ஊர்க் கூட்ட நாள்’. அன்று பல ஊர்களில் மக்கள் ஒன்றுகூடி, ஊரின் வரவுசெலவுத் திட்டத்தை விவாதித்து வாக்களிப்பார்கள். அந்த நாளை ஒட்டித் தக்காளி விதைகளைத் தட்டுகளில் போடுவது நெடுநாள் வழக்கம். வீட்டுக்குள் சன்னலோரத்திலோ மின்விளக்கின் கீழோ அவை முளைத்து வளரும். வெங்காய நாற்றுகளும் இந்தச் சமயத்தில்தான் தொடங்கப்படுகின்றன.

ஏப்ரலில் மண் உதிரும் பதத்துக்கு வந்ததும் பட்டாணி, பசலைக்கீரை, முள்ளங்கி ஆகியவை நேரடியாகத் தோட்டத்தில் விதைக்கப்படும். அவற்றின் மேல் மறுபடியும் பனி பெய்தாலும் பெரிய கவலை இல்லை. பட்டாணிக்குத் தாமதம்தான் கேடு. கோடை வெயில் ஏறிவிட்டால் அது காய்ப்பதை நிறுத்திவிடும். மே மாதத் தொடக்கத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசு நாற்றும் மண்ணுக்குப் போகும். தக்காளி, மிளகாய், வெள்ளரி ஆகியவற்றுக்கு மே மாத இறுதி வரை பொறுமை வேண்டும். மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அமெரிக்காவில் போர்வீரர் நினைவு நாள். அதற்கு முன் தக்காளி நடாதே என்பது பெரியவர்கள் சொல்லும் அறிவுரை.

நாள்காட்டியைப் போலவே மரங்களும் நாள் குறித்துக் கொடுக்கின்றன. ஓக் மரத்தின் தளிர் அணிலின் காதளவு வளர்ந்தால் சோளம் விதைக்கலாம் என்பது அந்த வட்டாரத்தில் வழங்கும் பழைய மொழி. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இதைப் பூர்வகுடி மக்களிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. இது வெறும் நம்பிக்கையன்று. மரம் துளிர்ப்பதும் அந்த ஆண்டின் வெப்பத்தைப் பொறுத்தது. இளவேனில் தாமதமாக வந்தால் தளிரும் தாமதமாகும். விதைப்பும் தானாகவே தள்ளிப்போகும். அச்சிட்ட தேதி இப்படி மாறிக்கொள்ளாது.

பழக்குதலும் காத்தலும்

வீட்டுக்குள் வளர்ந்த நாற்று மென்மையானது. வெயிலும் காற்றும் அதற்குப் பழக்கமில்லை. ஒரேயடியாக வெளியே நட்டால் இலைகள் வெளுத்துக் கருகும். அதனால் நடுவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள் அதைப் பழக்குவார்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம். அடுத்த நாள் இரண்டு மணி நேரம். பிறகு சிறிது வெயில். கடைசியில் இரவிலும் வெளியே. இந்த நாள்களில் தண்டு தடிக்கிறது. இலையின் மேல்தோல் உறுதிப்படுகிறது.

இத்தனைக்குப் பிறகும் உறைபனி எச்சரிக்கை வந்தால் செடியை மூட வேண்டியதுதான். மூடும் துணி செடிக்கு வெப்பத்தைக் கொடுப்பதில்லை. மண்ணிலிருந்து எழும் வெப்பம் தப்பிவிடாமல் தடுக்கிறது. எனவே, துணி தரையைத் தொட வேண்டும். மரத்தைப் போல் மேலே மட்டும் விரிந்து நின்றால் பயன் குறைவு. ஈரமான மண் உலர்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் என்பதால், எச்சரிக்கை வந்த நாளில் முன்கூட்டியே நீர் பாய்ச்சுவதும் உண்டு.

பெரிய ஸ்ட்ராபெரி பண்ணைகளில் வியப்பூட்டும் ஒரு முறை கையாளப்படுகிறது. உறைபனி இரவில் பூக்களின் மீது தொடர்ந்து நீரைத் தெளிப்பார்கள். நீர் உறையும்போது ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் பூவை உறைநிலைக்குக் கீழே இறங்க விடாமல் காக்கிறது. ஆனால், விடிந்த பின் பனிக்கட்டி உருகத் தொடங்கும் வரை தெளிப்பை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றுபோனால் ஈரம் ஆவியாகும்போது பூ முன்னைவிட அதிகமாகக் குளிர்ந்து அழிந்துவிடும்.

கோடை வராத ஆண்டு

எவ்வளவு கவனமாக இருந்தாலும் மனிதக் கணக்குக்குள் அடங்காத ஆண்டுகளும் உண்டு. வெர்மான்ட் வரலாற்றில் அப்படிப்பட்ட ஆண்டு 1816. அதன் தொடக்கம் தென்கிழக்காசியாவில் இருந்தது. 1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் உள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அந்த ஓசை 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் சுமத்ரா தீவிலும் கேட்டது. எரிமலையிலிருந்து எழுந்த கந்தக வாயு வானில் மிக உயரத்துக்குச் சென்று நுண்துகள்களாக மாறி உலகெங்கும் பரவியது. அந்த மெல்லிய திரை சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்தது.

அடுத்த ஆண்டு வெர்மான்ட்டில் இளவேனில் வழக்கம்போல் வந்ததாகத் தோன்றியது. உழவர்கள் சோளம் விதைத்தார்கள். பீன்ஸும் வெள்ளரியும் நட்டார்கள். சூன் 6 முதல் 8 வரை பனி பெய்தது. பயிர்கள் கருகின. மனந்தளராமல் மீண்டும் விதைத்தார்கள். சூலையிலும் ஆகஸ்டிலும் உறைபனி வந்தது. குளிரைத் தாங்கும் தானியங்கள் ஓரளவு பிழைத்தன. மக்களுக்கும் கால்நடைகளுக்கும் முக்கிய உணவாக இருந்த சோளமோ பெரும்பாலும் அழிந்தது. அடுத்த விதைப்புக்கு விதைச்சோளம் கிடைப்பதே அரிதாயிற்று. பல குடும்பங்கள் நிலத்தை விட்டுவிட்டு மேற்கே ஒஹாயோ போன்ற இடங்களுக்குக் குடிபெயர்ந்தன. தங்கள் வயலை அழித்தது உலகின் மறுபக்கத்தில் வெடித்த ஓர் எரிமலை என்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை. அவர்கள் அறிந்ததெல்லாம் அது ‘கோடையே இல்லாத ஆண்டு’ என்பதுதான்.

இன்றைய நிலை

இன்று வானிலை அறிவிப்பு கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஆயினும் உறைபனியின் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2023ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அதிகாலையில் வெர்மான்ட்டின் பெரும்பகுதியில் கடும் உறைபனி ஏற்பட்டது. அப்போது ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. பல தோட்டங்களில் அந்த ஆண்டின் விளைச்சலில் பெரும்பகுதி அந்த ஒரே இரவில் போயிற்று. இளவேனில் வெப்பம் முன்கூட்டியே வரும் ஆண்டுகளில் மரங்கள் முந்திப் பூத்துவிடுகின்றன. அதற்குப் பிறகும் உறைபனி வரக்கூடும். காய்கறித் தோட்டக்காரருக்கும் இதே சோதனைதான். ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்ததும், இனிக் குளிர் இல்லை என்று மனம் சொல்லும். மண்ணுக்குள் செருகிய வெப்பமானி வேறொன்றைச் சொல்லும்.

ஆகையால் அனுபவம் உள்ளவர்கள் எல்லா விதையையும் ஒரே நாளில் மண்ணில் போடுவதில்லை. பட்டாணியைத் துணிந்து விதைக்கிறார்கள். தக்காளியைப் பொறுத்து நடுகிறார்கள். சில நாற்றுகளை வீட்டுக்குள்ளேயே கையிருப்பாக வைத்துக்கொள்கிறார்கள். துணிய வேண்டிய இடத்தில் தயங்கினாலும், பொறுக்க வேண்டிய இடத்தில் அவசரப்பட்டாலும் இழப்பு அவர்களுக்கே.

உறைபனி இரவு விடிகிறது. புல்வெளி முழுவதும் வெள்ளை பூசியிருக்கிறது. படுக்கை விரிப்பின் ஓரம் விறைத்து நிற்கிறது. வெயில் ஏறியதும் தோட்டத்துக்காரர் விரிப்பை மெதுவாகத் தூக்கிப் பார்க்கிறார். உள்ளே தக்காளிக் கன்று பச்சையாகவே நிற்கிறது. அவர் விரிப்பை உதறிக் கொடியில் காயப்போடுகிறார். அன்றிரவும் அது தேவைப்படலாம்.